துப்புரவாகிப்போன சேதம்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலையில் அகஸ்டினா தன் போஞ்சிக் காணியைத் தேடிக்கொண்டு போனாள். தேடிக்கொண்டுதான் போனாள், கண்ணுகளா. முதல் நாள் வரை இருந்த இடத்தில் அது இல்லை. மேட்டிலிருந்து செம்மண் இறங்கி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. கொடி படர்ந்த கம்புகளில் நாலைந்து மட்டும் மண்ணுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றன. பறிப்புக்கு வந்திருந்த பச்சைப் போஞ்சிக் காய். ஒடித்தால் சடக்கென்று சத்தம் கேட்கிற பருவம்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே ஏறுகிற மலையில், தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவே மானாப்புல் மண்டிக் கிடந்த சரிவுத் துண்டு அது. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை, விருப்பமுள்ளவர்கள் எடுத்துக் காய்கறி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். அகஸ்டினாவும் அவள் புருஷன் அந்தோனியும் எடுத்தார்கள். பக்கத்துத் துண்டை றொமேஷ் எடுத்தான். அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வேலை. அகஸ்டினாவுக்கு அதுவே எல்லாமும். முதல் போகம் நன்றாக விளைந்ததும் தோட்டத்தில் தன் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். விடிந்தும் விடியாமல் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்து, எந்த மலைக்குப் போ என்று இன்னொருவர் சொல்லக் கேட்டு நடக்காமல், தன் நேரத்துக்கு எழுந்து, தன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் மண்ணுக்கு இறங்கிப் போகிற பெண் அந்த லயத்து வரிசை வீடுகளிலேயே அவள் ஒருத்திதான். சந்தைக்குப் போகிற லொறிக்காரன் கூட அவளை "முதலாளியம்மா" என்றுதான் கூப்பிடுவான். கேலிதான். ஆனாலும் அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும்.

அரசாங்கம் விவசாயிகளுக்கு உர மானியம் கொடுத்த காலமெல்லாம் வந்தது, போனது. ஒவ்வொரு முறையும் அகஸ்டினா நல்ல சேலை கட்டிக்கொண்டு கமநல நிலையத்துக்குப் போவாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்பார்கள். துரை வாய்ச்சொல்லாகக் கொடுத்த மண்ணுக்கு உறுதிக்கு எங்கே போவது? "அப்ப நீங்க விவசாயி இல்லையேம்மா" என்பார்கள், மரியாதையாகத்தான். கையில் காய்ப்பு காய்த்த பெண்ணிடம். திரும்பி வந்து பதுளை இப்றாஹீம் பாய் கடையில் கடனுக்கு உரம் எடுத்துக்கொள்வாள்.

இந்த முறை மட்டும் கதை வேறு மாதிரி இருந்தது. மண் சரிந்த காணிகளைத் திருப்பிப் பயிரிட மானியம் கொடுக்கப் போகிறார்களாம். உறுதி இல்லாவிட்டாலும் துரை ஒரு கடிதம் தந்தால் போதுமாம். அதிகாரி நேரில் வந்து சேதத்தைப் பார்த்துப் பதிந்துகொண்டு போனால், பணம் பேங்குப் புத்தகத்திலேயே விழுந்துவிடுமாம்.

துரை கடிதம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"சித்திரை மழைக்கு முன்னுக்குப் பயிர் நிக்காத துண்டையெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லி கம்பெனி ஓடர் வந்திருக்கு. யூக்கலிப்டஸ் வைக்கப் போறோம். சும்மா கிடக்கிற காணிக்கு நான் ஒண்டும் பேச ஏலாது, சரியா?"

"சும்மா கெடக்காதுங்க தொரை. மானியம் வந்தா மறுநாளே வெத போட்டுருவேன்" என்றாள் அகஸ்டினா.

அவள் கணக்கு இலேசானதுதான். மேல்மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மாட்டெருவும் உரமும் போடாமல் அந்தச் செம்மண்ணில் பயிர் தேறாது. இப்றாஹீம் பாய்க்குப் பழைய கடனே நிற்கிறது. அவரும் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற மனிதர். மானியம் வந்தால் விதை உண்டு, காணி உண்டு. வராவிட்டால் இரண்டும் இல்லை.

தைப்பொங்கல் கழிந்த வாரம், வெள்ளிக்கிழமை பின்நேரம், கிருபாகரன் கங்காணி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார்.

"திங்கக்கெழம கமநலத்துல இருந்து ஆபீசர் வர்றாராம். அகஸ்டினா, றொமேஷு, ரெண்டு பேரும் காணியில நிக்கணும். கோயில் படியில இருந்து கீழ வரைக்கும் பாதையெல்லாம் பாத்து வைங்க. வெளியாளு வர்றான். தோட்டத்து மானத்த வாங்கிப்புடாதீங்க."

இதில் அவர்மேல் பிழை சொல்ல முடியாது, கண்ணுகளா. அந்த மலையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கொழும்பிலிருந்து பெரிய துரை மலை பார்க்க வருகிறார் என்றால், அதற்கு முந்தின வாரம் தோட்டமே குனிந்த தலை நிமிராது. தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள், பாதை செதுக்குவார்கள், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தேயிலை நிரையில் ஒரு பிடி புல் நின்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம் போச்சு. அகஸ்டினாவின் அம்மா வயிற்றில் பிள்ளையோடு குனிந்து புல் பிடுங்கியிருக்கிறாள், துரையின் கண் படுவதற்கு முன்னால். பார்க்க வருகிறவன் கண்ணுக்கு அழுக்குப் படக்கூடாது. அது பால் குடிக்கும்போதே உள்ளே போய்விட்ட பாடம். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அகஸ்டினா மண்வெட்டியை எடுத்துவிட்டாள்.

அந்தோனி தலையைச் சொறிந்தான். "இந்தா புள்ள, இம்புட்டு மண்ணையும் அள்ளி எங்கன போடுறது?"

"ஓடையில தள்ளுங்க. தண்ணி நெறைய போகுது, அதே கொண்டுட்டுப் போயிரும்."

"ஆபீசர் பாத்துட்டுப் போனப்பறம் அள்ளிக்கலாமே?"

"நல்லா இருக்கே! இந்தக் கோலத்துல பாத்தா என்னா நெனப்பாரு? மண்ணு விழுந்து ரெண்டு மாசமா கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காளுக, இவளுகளுக்கு எதுக்கு மானியம்னு கேக்க மாட்டாரா? வெவசாயின்னா வெவசாயி மாதிரி இருக்கணும்ங்க."

அந்தோனிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். லயத்திலிருந்து கைகொடுக்க ஆட்களும் வந்தார்கள். சாக்கை இரண்டு கம்பில் கட்டி மண்ணைச் சுமந்து ஓடையில் கொட்டினார்கள். ஓடை சிவப்பாக ஓடியது, பிறகு மறுபடியும் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்தபோது அகஸ்டினா நிமிர்ந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, இந்த ஒரு தடவ மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். அழுகிய கொடிகளைக் கூட்டிக் குவித்து எரித்தாள். சாம்பலைப் பாத்தியில் தூவினாள். கம்புகளைக் கழுவி, ஒரே அளவாகப் பிரித்து, கட்டுக் கட்டாக ஓரத்தில் அடுக்கினாள். கயிறு பிடித்துப் பாத்தி கட்டினாள். சுற்றிக் கான் வெட்டினாள்.

றொமேஷ் வேலியோரம் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் துண்டில் மண் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. அதன்மேல் புல்கூட முளைத்துவிட்டது.

"என்னா அக்கா, ஆபீசரு காணி பாக்க வர்றாரா, பொண்ணு பாக்க வர்றாரா?"

"ஒன் காணியப் பாத்தா வந்த வழியிலயே ஓடிருவாருடா. எந்திரிச்சு வந்து ரெண்டு வெட்டு வெட்டேன்."

"எனக்கு முதுகு புடிச்சிருக்குக்கா."

"ஒனக்குப் பொறந்ததுல இருந்தே முதுகு புடிச்சுத்தான் இருக்கு!"

வேலை செய்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தி சாயும்போது காணியைப் பார்த்தால், மண் சரிந்தது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். அகஸ்டினா மேட்டில் நின்று பார்த்தாள். மனம் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். மோட்டார் சைக்கிளைக் கோயிலடியில் நிறுத்திவிட்டுக் கால்நடையாக இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் சேந்தன், யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பிள்ளை. பாதை முழுக்கச் செதுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவர், வேலியடியில் நின்றிருந்த அகஸ்டினாவிடம் கைகூப்பினார்.

"வணக்கம் அம்மா. மண் சரிஞ்ச காணி எது?"

"இதுதாங்க சேர்."

சேந்தன் எட்டிப் பார்த்தார். கயிறு பிடித்த பாத்திகள். கட்டுக் கட்டாய்க் கம்புகள். தண்ணீர் தேங்காத கான்.

"இல்லையம்மா, சேதமான காணியைக் கேக்கிறன்."

"இதேதாங்க. அகஸ்டினா அந்தோனின்னு தொரை கடுதாசியில போட்டிருக்குமே."

"நல்ல வடிவா வைச்சிருக்கிறியள். எங்கட அம்மா கண்டாவெண்டா உங்களைச் சாவகச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவா." அவர் சிரித்தார். அகஸ்டினாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் நின்ற அந்தோனியைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே, பாத்தீங்களா, என்றாள். அந்தப் பார்வையோடு அவளை விட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது. என்ன செய்ய, கதை அங்கே நிற்கவில்லையே.

"சரி, விழுந்த மண் எங்க?" என்று கேட்டார் சேந்தன்.

"அள்ளிட்டோம்ங்க சேர்."

"அள்ளி எங்க போட்டனீங்கள்?"

"ஓடையில. அது அடிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க."

"பயிர்? அந்தக் கொடியெண்டாலும் கிடக்கோ?"

"எரிச்சுட்டோம்ங்க. பாக்க அசிங்கமா இருந்துச்சு."

சேந்தனின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. கையிலிருந்த போனைப் பார்த்தார், காணியைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"அம்மா, நான் சேதத்தைப் படம் எடுத்து, இந்த இடத்தில நிண்டே போனில ஏத்தவேணும். நாலு மூலையும். இதில நான் என்னத்தைப் படம் எடுக்கிறது?"

"சேர், நீங்க வர்றீங்கன்னுதான் கூட்டினோம்" என்றாள் அகஸ்டினா. அப்போதும் அவளுக்கு முழுதாக விளங்கவில்லை. ஏதோ ஒரு வேலை குறைவு என்றுதான் நினைத்தாள். இன்னும் எங்கேயாவது கூட்ட வேண்டுமோ என்று பார்வை ஒருமுறை ஓடிவந்தது. பிறகு சேந்தன் பக்கத்துத் துண்டுக்குத் திரும்பி, "இது ஆற்றை காணி?" என்று கேட்டதும், றொமேஷ் கையைத் தூக்கியதும், அவர் விழுந்து கிடந்த மண்ணை நாலு மூலையிலும் நின்று படம் எடுத்ததும், அவளுக்கு விளங்கிவிட்டது.

றொமேஷ்தான் முதலில் பேசினான். "சேர், அக்கா காணியும் இப்பிடித்தாங்க கெடந்துச்சு. என் போன்ல படம் இருக்கு, பாருங்க." சேந்தன் பார்த்தார். மூடிக் கிடந்த காணி, நீட்டிக்கொண்டிருந்த கம்பு, எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன.

"முந்தி எடுத்த படம் இதில ஏறாது தம்பி. இப்ப, இந்த இடத்தில எடுத்தாத்தான் ஏறும்."

"லயமே சாட்சி சொல்லும்ங்க" என்றார் கிருபாகரன் கங்காணி.

"நான் நம்புறன் ஐயா. அம்மா பொய் சொல்லுறா எண்டு நான் சொல்லேல்லை. ஆனா வேற இடத்தில சேதமில்லாத காணிக்கு எழுதிப்போட்டினம் எண்டு விசாரணை நடக்குது. எனக்கு முதல் இந்த வேலையில இருந்தவர் வேலை போய் இப்ப வீட்டில இருக்கிறார். இந்தப் பாத்தியைப் படம் எடுத்து மண் சரிவு எண்டு அனுப்பினா, மேலிடத்தில என்ன கேப்பினம்?"

அந்த நேரத்தில்தான் அந்தோனி மேட்டில் ஏறினான். யாரும் கவனிக்கவில்லை. மண்வெட்டியின் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள். சரிவின் விளிம்பைக் கொத்திக் கொத்தி, ஈரமண்ணைக் கட்டி கட்டியாய்க் கீழே உருட்டிக்கொண்டிருந்தான். ஒரு கட்டி கயிறு பிடித்த பாத்தியின் நடுவில் பொத்தென்று விழுந்து உடைந்தது. இன்னொன்று கம்புக் கட்டைச் சாய்த்தது.

"படம் எடுங்க சேர்! இந்தா, இப்ப எடுங்க! இன்னும் போடுறேன், நில்லுங்க!"

"ஏங்க! எறங்குங்க! மேடு சரிஞ்சுரும்!" அகஸ்டினா பாத்தியை மிதித்துக்கொண்டே ஓடினாள். தான் கட்டிய பாத்தியை அவளே மிதித்தாள்.

"ஐயா, விடுங்கோ. தயவுசெய்து விடுங்கோ" என்று சேந்தனும் ஓடினார். "நான் நிக்கேக்க இப்பிடிச் செய்தா எனக்கு எழுத வழியே இல்லாமல் போயிடும்."

அகஸ்டினா புருஷனின் கையைப் பிடித்துவிட்டாள். அந்தோனி மண்வெட்டியை விடவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். முகத்திலெல்லாம் செம்மண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் இப்படி ஒரு அதிகாரிக்கு முன்னால் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை. அதற்கே அவளுக்கு அழுகை வந்தது.

"எனக்குத் தெரியல சேர்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அப்பிடியே போட்டு வைக்கணும்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல."

சேதம் அப்படியே கிடக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று சேந்தனுக்கும் தோன்றியிருக்காது. அவர் ஊரில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். குறிப்பு என்ற இடத்தில் "முன்னரே துப்புரவு செய்யப்பட்டுள்ளது" என்று எழுதி, மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மனதார‌த்தான் சொன்னார். அகஸ்டினா அவருக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டையும் தேத்தண்ணியையும் கொண்டுவந்து நீட்டினாள். அவர் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோயிலடிக்கு ஏறினார்.

பிறகு காத்திருந்தார்கள். அகஸ்டினா இரண்டு தடவை கமநல நிலையத்துக்குப் போய்க் கேட்டாள். முதல் தடவை, மேலே அனுப்பியிருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை, சேந்தன் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டார் என்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேதம் பதியப்படேல்லையே அம்மா" என்றாள்.

வீட்டில் பானையில் கொஞ்சம் விதை மிஞ்சியிருந்தது. சும்மா கிடக்கவில்லை என்று துரைக்குக் காட்டவாவது ஆகட்டும் என்று ஒரு பாத்தியில் ஊன்றினாள். முளைத்தது. இரண்டு இலை விட்டது. பிறகு மஞ்சளாகி, ஒரு விரல் உயரத்துக்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்தோனி கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். தினமும் இரவில் போன் எடுத்து, "எந்திரிச்சிருச்சா?" என்று கேட்பான். போஞ்சியைத்தான் கேட்கிறான். "வருதுங்க, மெதுவா வருது" என்பாள்.

துரை வந்து பார்த்தார். அந்த மஞ்சள் பாத்தியருகே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் திட்டவில்லை. "இதைப் பயிர் எண்டு எழுத ஏலாது அகஸ்டினா" என்று மட்டும் சொன்னார்.

றொமேஷுக்குப் பணம் வந்தது. பங்குனி கடைசியில் வந்தது. அடகில் இருந்த பெண்சாதியின் தோட்டை மீட்டுவிட்டு, மிச்சத்தில் ஒரு பை விதைப் போஞ்சி வாங்கிக்கொண்டு அகஸ்டினா வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றே நீட்டினான்.

"இந்தாக்கா. நீ போடு. எனக்கு முதுகு புடிச்சிருக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எங்கடா போட? ஒன் துண்டையும் சேத்துத்தானே எடுக்கிறாங்க?"

"ஆமாக்கா. நேத்துத்தான் கங்காணி சொன்னாரு."

"அப்ப கடையில குடுத்துட்டுக் காச வாங்கிக்க. புள்ளைக்குச் சப்பாத்து எடுத்துக் குடு."

அவன் பையோடு நின்றான். பிறகு போனான்.

அடுத்த வாரம் அகஸ்டினா பெரட்டுக்களத்துக்குப் போனாள். வரிசையில் கடைசியில் நின்றாள். கிருபாகரன் கங்காணி அவளைப் பார்த்ததும், வழக்கமாகப் போடுகிற கேலி பகிடியில் ஒன்றுகூடப் போடாமல், குனிந்து பேரை எழுதிக்கொண்டார். பகிடி பண்ணியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அன்றைக்கு ஓடைக்கு மேலே உள்ள மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள்.

அங்கிருந்து பார்த்தால் காணி தெரியும். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிரை பிடித்தாள். கீழே ஆட்கள் யூக்கலிப்டஸ் கன்றுகளை இறக்கிவைத்துக் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கடப்பாரை கல்லில் பட்டு ணங் ணங் என்று மலை முழுக்கக் கேட்டது. ஒரே இடத்தில் வெகு நேரம் கேட்டது.

கீழே ஆட்களோடு நின்ற கிருபாகரன் கங்காணி கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். "ஏம்மா அகஸ்டினா! இங்கன கடப்பாரை எறங்க மாட்டேங்குது! கல்லு எந்தப் பக்கம்மா?"

பக்கத்து நிரையில் நின்றவள் கொழுந்தை விட்டுவிட்டு அகஸ்டினாவைப் பார்த்தாள். "கேக்காத மாதிரி இரு அக்கா" என்றாள் மெதுவாக.

அகஸ்டினா கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போட்டாள். திரும்பி நின்றாள். கீழே வெயிலில் ஆட்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். மண் அள்ளக் கைகொடுக்க வந்த முகங்களும் அதில் இருந்தன.

"ஓடப் பக்கம் அடியில பூராப் பாறைண்ணே! மேட்டுப் பக்கமா வாங்க! அங்க நாங்க கல்லையெல்லாம் பொறுக்கிட்டோம்!"

ஆட்கள் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ணங் என்ற சத்தம் நின்றுவிட்டது. கடப்பாரை இலேசாக இறங்கியது.